1964-க்கு முந்தியதா? அதனால் என்ன?

அமெரிக்காவில் பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்கப் போகிறவர் கடையில் கட்டாயம் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "இப்போதெல்லாம் இப்படிச் செய்வதில்லை." சொல்பவர் கடைக்காரராக இருக்கலாம், பக்கத்தில் நிற்கும் நரைத்த தாடிக்காரராக இருக்கலாம். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் வின்செஸ்டர் மாடல் 70. இல்லாவிட்டால் ராணுவ ரைஃபிளை யாரோ வேட்டைக்காகத் திருத்தியது. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் புதிய ரைஃபிளின் விலையை எட்டியோ தாண்டியோ இருக்கும். கேட்பவர் தலையாட்டுவார். பணமும் கைமாறிவிடும்.

அந்த வாக்கியத்தைத்தான் மறுக்க வந்திருக்கிறேன். ஆனால் அதை நம்புகிறவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் தரப்பில் நாலு வாதங்கள் இருக்கின்றன, நாலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஒன்று, போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் எளிய இயந்திரம். மவுசர் 1898-ல் வகுத்த அமைப்பையே உலகம் இன்னும் சுற்றி வருகிறது, கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? இரண்டு, அந்தக் காலத்தில் முழு எஃகுப் பாளத்தைக் கடைந்து உறுப்புகளைச் செய்தார்கள், வால்நட் கட்டையில் கையால் வரி செதுக்கினார்கள். இன்று வார்ப்பும் பிளாஸ்டிக்கும்தான். மூன்று, சாதாரண வேட்டைக்காரர் ஆண்டுக்கு ஒரு பெட்டி, அதாவது இருபது தோட்டா சுட்டாலே அதிகம். ஆகவே நாற்பது வருடப் பழைய ரைஃபிள்கூடப் புதுசு மாதிரிதான். நான்கு, பழையதற்கு விலை இறங்காது. புதியது கடை வாசலைத் தாண்டிய மறுநிமிடமே மதிப்பிழக்கும்.

இந்த நாலையும் ஒரே வருடத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். 1964. அதற்கு முந்தியது தங்கம், பிந்தியது தகரம். முடிச்சை அவிழ்ப்போம்.

1. ஒரு கம்பெனியின் ஒரு மாடலில் நடந்த மாற்றம் உலகத்துக்கே பொதுவிதி ஆனது எப்படி?

1964-ல் நடந்தது இதுதான். 1936 முதல் வின்செஸ்டர் செய்துவந்த மாடல் 70-க்குக் கடைசல் வேலை அதிகம், கூலியும் அதிகம். அதைக் குறைக்க ரைஃபிளை மாற்றி வடிவமைத்தார்கள். தோட்டாவின் அடிப்பகுதியை மேகசினிலிருந்து கிளம்பும்போதே கவ்விப் பிடித்துக்கொள்ளும் நீளமான எக்ஸ்ட்ராக்டர் கொக்கி போயிற்று. தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளி மட்டும் அனுப்பும் 'புஷ் ஃபீட்' முறை வந்தது. கட்டையில் கை வேலைப்பாட்டுக்குப் பதில் அச்சில் அழுத்திய வரிகள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே அசிங்கமான இடைவெளி. ஜாக் ஓ'கானர் 'அவுட்டோர் லைஃப்' இதழில் ஆண்டுக்கணக்காக மாடல் 70-ஐயும் .270 வின்செஸ்டர் தோட்டாவையும் கொண்டாடி எழுதியிருந்தார். அதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது துரோகமாகவே பட்டது. முதல் சில வருடத்து ரைஃபிள்கள் பார்க்க மட்டமாக இருந்தன என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

ஆனால் அந்தப் புஷ் ஃபீட் முறை அன்று பிறந்ததா? ரெமிங்டன் 721-ல் 1948-லேயே இருந்தது. சாவேஜ் 110-ல் 1958-ல் இருந்தது. 1962-ல் வந்த ரெமிங்டன் 700-லும் அதுதான். அமெரிக்க மரைன் படை 1966-ல் தன் குறிசூட்டு வீரர்களுக்கென்று ரைஃபிள் தேர்ந்தெடுத்தபோது எடுத்துக்கொண்டது அந்த ரெமிங்டன் 700-ஐத்தான். எம்40 என்று பெயரிட்டது. உயிர் போகிற வேலைக்குப் போதுமாக இருந்த அமைப்பு, நூறு கஜத்தில் புல் மேயும் வெள்ளைவால் மானுக்குப் போதாதா?

கொக்கியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஆப்பிரிக்காவில் எருமை பாய்ந்து வரும்போது ரைஃபிளை எந்தக் கோணத்தில் பிடித்தபடி போல்ட்டை இழுத்தாலும் தோட்டா நழுவாது என்பது பெரிய விஷயம். பென்சில்வேனியாவில் மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அது தேவையா என்பதை அவரே சொல்லட்டும். அப்படியும் வேண்டுமென்றால் அந்தக் கொக்கி 1990-களிலேயே மாடல் 70-க்குத் திரும்பி வந்துவிட்டது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006-ல் மூடிய பிறகு தென் கரோலினாவில் எஃப்.என். ஆலையில் உற்பத்தி மறுபடி தொடங்கியபோதும் அது கூடவே வந்தது. "இப்போதெல்லாம் செய்வதில்லை" என்ற வாக்கியம் காலாவதியாகி முப்பது வருடம் ஆகிறது.

2. பழைய எஃகு உயர்ந்த எஃகா? ஸ்ப்ரிங்ஃபீல்டின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் எம்1903 ஸ்ப்ரிங்ஃபீல்ட் பெயர்போன ரைஃபிள். முதல் உலகப் போருக்குப் பின் அதைத் திருத்தி, கட்டையை இழைத்து, பார்வைக் குறியை மாற்றி வேட்டை ரைஃபிள் ஆக்கிக்கொண்டவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவை இன்றும் விற்பனைக்கு வருகின்றன. கூடவே "அந்தக் கால அரசாங்க எஃகு" என்ற பெருமைப் பேச்சும் வரும்.

1917 வாக்கில் அந்த அரசாங்க எஃகு வெடித்தது. குழலையும் போல்ட்டையும் தாங்கும் உடற்பகுதியான ரிசீவர், அழுத்தம் மீறியபோது வளைந்து கொடுக்காமல் கண்ணாடி போலச் சிதறியது. ஏன் என்று ஆராய்ந்தபோது காரணம் உலைக்களத்தில் அகப்பட்டது. எஃகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதை அனுபவசாலித் தொழிலாளர்கள் அது கனலும் நிறத்தை வெறுங்கண்ணால் பார்த்துத் தீர்மானித்துவந்தார்கள். மேகமூட்டமான நாளில் 'சரி' என்று கண் சொன்ன அதே நிறம், வெயில் அடிக்கும் நாளில் மங்கித் தெரிந்தது. அதனால் மேலும் காய்ச்சினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 300 ஃபாரன்ஹீட் டிகிரிவரை போயிருக்கிறது என்று ராணுவத் தளவாட அதிகாரி ஜூலியன் ஹாட்சர் பதிவு செய்திருக்கிறார். அளவுக்கு மீறிக் காய்ந்த எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் உலைக்கு வெப்பமானி வைத்தார்கள், பதப்படுத்தும் முறையையும் மாற்றினார்கள்.

ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆலையில் 8,00,000-க்குக் கீழான வரிசை எண், ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507-க்குக் கீழான வரிசை எண் என்றால் அந்த ரைஃபிள் சந்தேகத்துக்குரியது. இரண்டையும் கூட்டினால் பத்து லட்சத்துக்கு மேல். அவற்றில் எது வெயில் நாளில் பிறந்தது, எது மேக நாளில் பிறந்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. ராணுவ ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சி.எம்.பி. அமைப்பே அவற்றைச் சுட வேண்டாம் என்கிறது. அனுபவசாலியின் கையும் கண்ணும் என்ற பெருமைக்கு இதைவிடக் கடுமையான பதில் வேறென்ன வேண்டும்? அந்த இடத்தில் தேவைப்பட்டது ஒரு தெர்மாமீட்டர்.

சரி, எஃகு போகட்டும், அந்தக் கால வால்நட்? அதற்கும் ஒரு கதை உண்டு. 1960-களின் கடைசியிலிருந்து 70-களின் தொடக்கம்வரை பிரௌனிங் ரைஃபிள்கள் சிலவற்றின் கட்டைக்கான வால்நட்டை விரைவாக உலர்த்த உப்பைப் பயன்படுத்தினார்கள். மரத்தில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்தது. கட்டைக்குள் மறைந்திருக்கும் எஃகை அது மெல்ல மெல்ல அரித்தது. வெளியே பளபளவென்ற மெருகு, உள்ளே குழி விழுந்த துரு. கட்டையின் பின் தகட்டைப் பிடித்திருக்கும் திருகு ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: திருகில் கெட்டித் துரு ஏறியிருந்தால் வாங்காதீர்கள். அழகான கட்டையைப் பார்த்து மயங்கியவர்கள்தான் அந்தத் திருகைக் கழற்ற மறந்தவர்கள்.

3. "ஆண்டுக்கு இருபது தோட்டாதானே" என்பது சுட்ட கணக்கு. துருவின் கணக்கு எங்கே?

நாலு வாதங்களில் வலுவானது இந்த மூன்றாவதுதான். .30-06 போன்ற நிதானமான தோட்டாவைச் சுடும் குழல் ஆயிரக்கணக்கான குண்டுகளைத் தாங்கும். மான் வேட்டைக்காரர் அதைச் சுட்டே தேய்ப்பது அபூர்வம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேட்டை ரைஃபிள் சுடுவதால் சாவதில்லை. வருடத்தில் ஒரு வாரம் மழையிலும் பனியிலும் நனைந்து, மிச்ச ஐம்பத்தொரு வாரம் உள்ளே பஞ்சு வைத்த உறைக்குள் மூச்சுமுட்டக் கிடந்து சாகிறது. குறைவாகச் சுட்டவர் குறைவாகத்தான் துடைத்தும் இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. 1950-களின் தொடக்கம்வரை அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாக்களில் பெரும்பகுதி தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் அரிக்கும் வகையாக அமைந்தவை. அது எரிந்தபின் குழலில் தங்கும் உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மலிவாகக் கிடைத்த ராணுவத் தோட்டாவை நாலு சுட்டுவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தவர், துடைத்துவிட்ட திருப்தியோடு குழலைத் துருவுக்குக் கொடுத்தார். அந்த ரைஃபிள் மொத்தமே நூறு தோட்டா சுட்டிருக்கலாம். குழல் போனது போனதுதான்.

ஆகவே வருடத்தைக் கேட்காமல் ரைஃபிளைப் பாருங்கள். பார்ப்பது என்றால் எப்படி? முதலில் போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்ற அனுமதிக்காத கடையில் எதையும் வாங்காதீர்கள். சேம்பர் பக்கம் சிறு விளக்கை வைத்து எதிர்ப்பக்கமாகப் பாருங்கள். சுருள் வரிகளின் விளிம்பு கூராகத் தெரிய வேண்டும். பச்சையோ செம்போ படிந்திருந்தால் பயமில்லை, கழுவினால் போகும். கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அவை குழிகள். அழுக்கு என்று விற்பவர் சொன்னால், "துடைத்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். குழலுக்குள் நுழைக்கும் சிறிய போர்ஸ்கோப் கேமரா இன்று போனோடு இணைக்கும் விலை மலிவான சாதனம். முன்பு ஆலைகளிடமும் துப்பாக்கி பழுதுபார்க்கும் நல்ல கன்ஸ்மித்துகளிடமும் மட்டும் இருந்தது. கையில் இருந்தால் சேம்பரை ஒட்டிய முதல் சில அங்குலத்தைப் பாருங்கள், தேய்மானம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது குழலின் வாய். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அது. வாய் விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் குண்டு வெளியேறும்போது வாயு சமனில்லாமல் தள்ளும், குறி சிதறும். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளிருந்து வெளியே விளிம்பைச் சுற்றி இழுங்கள். பஞ்சு எங்காவது மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. வாயின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால், முந்தைய சொந்தக்காரர் துடைப்பக் கம்பியை முன்பக்கமிருந்து நுழைத்து வருடக்கணக்காகத் துடைத்திருக்கிறார். அக்கறையாலும் குழல் கெடும் என்பதற்கு அது சாட்சி.

போல்ட்டின் முன்னால் பூட்டிக்கொள்ளும் இரண்டு லக்குகளின் பின்முகத்தைப் பாருங்கள். இரண்டிலும் மெருகு சமமாகத் தேய்ந்திருக்க வேண்டும். வரிசை எண் பொறித்த போல்ட்டாக இருந்தால் ரிசீவர் எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் வேறு ரைஃபிளின் போல்ட்டை மாட்டியிருக்கிறார்கள். அப்போது ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளவில் இருக்கிறதா என்பது சந்தேகம். அளவு மீறினால் பித்தளைக் கூடு கிழிந்து, வெடிக்கும் வாயு சுடுபவர் முகத்தை நோக்கி வரும். 'கோ', 'நோ-கோ' என்று இரண்டு எஃகு அளவுகோல்கள் உண்டு. முதலாவதைப் போட்டால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதைப் போட்டால் மூடக் கூடாது. கன்ஸ்மித்துக்குச் சில நிமிட வேலை.

கட்டையில் பார்க்க வேண்டிய இடம் ரிசீவரின் வால் முடியும் இடம். உதைப்பு அதிகமான மேக்னம் தோட்டா சுட்ட ரைஃபிளில் முடி போன்ற விரிசல் அங்கேதான் ஓடும். மெருகுப் பூச்சு அதை மறைத்திருக்கும், நகத்தால் வருடினால் தெரியும். திருகுகளின் பிளவு வாய் சிதைந்திருந்தால் சரியான திருப்புளி இல்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது. உள்ளே வேறு என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்?

4. விசையைப் பற்றிப் பேசாமல் பழமையைப் புகழ்வது ஆபத்து.

ரெமிங்டன் 700 குறியில் பிசகாத ரைஃபிள், லட்சக்கணக்கில் விற்றது, பழைய சரக்கில் அதிகம் அகப்படுவதும் அதுதான். அதன் 'வாக்கர்' விசை அமைப்பு, விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்ற புகார் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1982-க்கு முன் செய்த மாடல் 700-ல் இன்னொரு சிக்கலும் இருந்தது: சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் திறக்காது. தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் சேஃப்டியை எடுத்தாக வேண்டும். 2000-ல் மொன்டானாவில் ஒரு தாய் தோட்டாவை வெளியே எடுப்பதற்காகச் சேஃப்டியைத் தள்ளியபோது ரைஃபிள் வெடித்து ஒன்பது வயது மகன் இறந்துபோனான். விசையில் விரல் படவில்லை என்றது குடும்பம். அமைப்பில் குறையில்லை என்றது கம்பெனி. கடைசியில் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்களுக்கு விசை மாற்றித் தருவதாக ஒரு கூட்டு வழக்கில் சமரசம் ஏற்பட்டது. அப்போதும் கம்பெனி குறையை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சமரசத்தின் கெடு முடிந்துவிட்டது. கம்பெனியும் 2018-லும் 2020-லும் திவாலாகிக் கைமாறிவிட்டது.

புதியது மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். அதே கம்பெனி 2006-க்குப் பின் கொண்டுவந்த எக்ஸ்-மார்க் புரோ விசையும் 2014-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆலையில் பூசிய பசை அதிகமானது காரணம். ஆக, வருடம் எந்தப் பக்கமும் உத்தரவாதம் தருவதில்லை. நான் சொல்வதும் அதுதான்.

எந்தப் பழைய ரைஃபிளையும் இப்படிச் சோதியுங்கள். காலி என்று இரண்டு முறை உறுதி செய்தபின், போல்ட்டை வேகமாக அடித்து மூடுங்கள்; தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தி விடுங்கள். பிறகு விசையைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அந்த நொடியில் 'டிக்' என்று ஊசி விழுந்தால் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. "விசை வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று பெருமைப்படும் விற்பனையாளரிடம் அதை இளக்கியது யார் என்று கேளுங்கள். வீட்டு மேசையில் அரத்தால் தேய்த்து இளக்கிய விசைகள் ஊருக்கு ஊர் உண்டு.

5. ரைஃபிள் கிடைத்தது. தோட்டா?

1955-ல் ரெமிங்டன் .244 என்ற தோட்டாவையும் வின்செஸ்டர் .243-ஐயும் கொண்டுவந்தன. ரெமிங்டன் குழலில் வரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வின்செஸ்டரில் 10 அங்குலத்துக்கு ஒன்று. குண்டு நீளமாக ஆக அதை நிலையாகப் பறக்கவைக்க விரைவான சுழற்சி தேவை. மானுக்கு வேண்டிய 100 கிரெய்ன் குண்டை .243 நன்றாகக் கையாண்டது, .244 தடுமாறியது. சந்தை தீர்ப்பளித்துவிட்டது. 1963-ல் ரெமிங்டன் 9 அங்குலச் சுற்றோடு அதே தோட்டாவுக்கு 6 எம்.எம். என்று புதுப்பெயர் வைத்தும் இழந்த இடம் திரும்பவில்லை. இன்று .244 என்று பொறித்த அழகான பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைத்தால், மலிவுக்குக் காரணம் அந்தப் பன்னிரண்டு அங்குலம்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். ஈயம் கலந்த இறைச்சியைத் தின்று காண்டோர் கழுகுகள் செத்துக்கொண்டிருந்தன, சட்டம் வந்தது சரியே. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், நீளக் குண்டுக்கு விரைவான சுழற்சி வேண்டும். அறுபது வருடம் முன்பு ஈயக் குண்டை மனதில் வைத்து வெட்டிய குழல் இதை எதிர்பார்க்கவில்லை. .30-06, .308, .270 என்றால் கவலை இல்லை. ஊர் மளிகைக் கடையில்கூடத் தோட்டா கிடைக்கும். வழக்கொழிந்த தோட்டா என்றால் வாங்குகிற ரைஃபிளோடு ஒரு தேடல் வேலையையும் வாங்குகிறீர்கள்.

6. "பழையதற்கு விலை இறங்காது" என்பது யாருக்குச் சாதகம்?

விற்பவருக்கு. விலை இறங்காது என்றால் நீங்கள் இறங்காத விலையைக் கொடுத்துத்தானே வாங்குகிறீர்கள்? சேகரிப்பாளர் சந்தையில் மதிப்பு நிற்பது உண்மை, ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. மூலப் பூச்சு கலையக் கூடாது. ஸ்கோப் பொருத்தப் புதிதாகத் துளை போட்டிருக்கக் கூடாது. கட்டையை வெட்டி ரப்பர் திண்டு வைத்திருக்கக் கூடாது. அதாவது யாரும் வேட்டைக்கு உபயோகித்திருக்கக் கூடாது. கடையில் சாத்தியிருப்பவற்றில் முக்கால்வாசி இந்தப் பரீட்சையில் தோற்றவை. ஆனாலும் சேகரிப்பாளர் விலைதான் ஒட்டியிருக்கும்.

மறுபக்கம் பாருங்கள். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் போன்ற புதிய ரைஃபிள்கள் சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. கட்டை பிளாஸ்டிக்தான், பார்க்கவும் ஒன்றுமில்லை. ஆனால் குறி தவறுவதில்லை. காரணம் எளிது: கணினி கட்டுப்படுத்தும் இயந்திரம் அளவை ஏறக்குறைய அப்படியே பிரதி எடுக்கிறது. சாவேஜ் குழலை ஒரு நட்டால் இறுக்கும் முறையை வைத்ததால், முன்பு கைதேர்ந்த தொழிலாளி அரத்தோடு உட்கார்ந்து சரிசெய்த ஹெட்ஸ்பேஸை இன்று அளவுகோலைப் போட்டு நட்டை முறுக்கிச் சரிசெய்துவிடுகிறார்கள். ஃபின்லாந்தின் டிக்கா நூறு கஜத்தில் மூன்று குண்டும் ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று ஆலை உத்தரவாதமே தருகிறது. 1950-களில் கடையில் வாங்கிய ரைஃபிள் அப்படிச் சுட்டால் ஊரே பார்க்க வந்திருக்கும்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பழைய ரைஃபிள் 600 டாலர். விசை மாற்ற 150. கன்ஸ்மித் பார்த்துச் சொல்ல 50. கூட வந்த முப்பது வருட ஸ்கோப் உள்ளே பனி மூடிக்கிடக்கிறது, புதியதற்கு 250. ஆயிரத்தைத் தாண்டிவிட்டீர்கள், இன்னும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. அந்த ஸ்கோப்பின் பெயரைச் சொல்லித்தான் விற்பவர் விலையை ஏற்றியும் இருப்பார்.

7. அப்படியானால் பழையதை வாங்கவே கூடாதா?

வாங்கலாம். வாங்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் கூட்டம் எதை ஒதுக்குகிறதோ அந்தப் பக்கம் போய் வாங்குங்கள். 1964 என்ற கோட்டின் புண்ணியத்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நல்ல ரைஃபிள்கள் தாழ்ந்த விலையில் கிடக்கின்றன. 1968-ல் வின்செஸ்டர் தன் தவறுகளில் பலவற்றைத் திருத்தி, போல்ட் சிக்காமல் ஓட வழி செய்தது. அதற்குப் பிந்திய புஷ் ஃபீட் மாடல் 70 மான் வேட்டைக்கு முழுமையாகப் போதும். பழைய கோபம் இன்னும் அதன் விலையை அமுக்கி வைத்திருக்கிறது. ஜப்பானிய ஹோவா, அதே ஹோவா செய்து வெதர்பி பெயரில் விற்கும் வான்கார்ட், தேய்ந்துபோன மரக்கட்டை போட்ட சாவேஜ் 110, ரூகர் 77 ஆகியவற்றுக்கு யாரும் கவிதை பாடுவதில்லை. அவற்றின் விலையில் கதைக்கான கூலி இல்லை.

என் அளவுகோல் இது. மேலே சொன்ன சோதனைகளில் தேறிய, வழக்கமான தோட்டா சுடும் பழைய ரைஃபிளுக்கு, அதே வேலையைச் செய்யும் புதியதன் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு குறை தெரிந்தால் அதைச் சரிசெய்யும் செலவை அதிலிருந்து கழியுங்கள். குழலின் குழி, ஹெட்ஸ்பேஸ், சேஃப்டி மூன்றில் ஒன்று தோற்றாலும் பேரம் பேசாதீர்கள். தாத்தாவின் ரைஃபிள் என்ற பாசத்துக்காகவோ வேலைப்பாட்டின் அழகுக்காகவோ அதிகம் கொடுத்தால் அது உங்கள் விருப்பம். அதை வேட்டைக் கருவியின் விலை என்று மட்டும் கணக்கெழுதாதீர்கள்.

அமெரிக்காவில் குடியேறியிருக்கும் நம்மவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் விதிவிலக்குகளில் ஒன்று. வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் கைமாற வேண்டும். அங்கே படிவம் 4473 நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிய வேண்டும். வரிசை எண் சுரண்டப்பட்ட ரைஃபிளைக் கையில் வைத்திருப்பதே குற்றம். தொலைவிலிருந்து வரவழைத்தால், பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் அவகாசம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நல்ல வியாபாரி மறுக்கமாட்டார். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள், இந்த நாட்டில் ரைஃபிளுக்குப் பஞ்சமில்லை.